ஒரு நரம்பு, ஒரு சுரம்: ஹார்ப் கிற்றாரும் யாழின் உறவுக்காரரும்

கிற்றார் வைத்திருக்கும் எவரும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. சுருதி சுத்தமாகச் சேர்த்த கிற்றாரை மேசையில் மல்லாத்தி வையுங்கள். நகத்தளவு கடதாசித் துண்டை நடுவில் மடித்து, மிக மெல்லிய முதலாம் தந்தியின் நடுப்பகுதியில் குதிரையேற்றிய மாதிரி இருத்துங்கள். இனி இரண்டாம் தந்தியை நாலாவது மெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) அழுத்தி மீட்டுங்கள். கடதாசி பேசாமல் இருக்கும். ஐந்தாவது மெட்டுக்கு நகர்ந்து அதே பலத்தில் மீட்டுங்கள். யாரும் தொடாத தந்தியில் இருந்த கடதாசி துள்ளிக் கீழே விழும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது சுரமானிப் பரிசோதனையாக ஞாபகம் வரும். பெயர் பரிவு. ஒரு தந்தியின் இயல்பான மீடிறன் (ஒரு செக்கனில் அது அதிரும் தடவைகள்) பக்கத்தில் ஒலித்தால் அது தானாக அதிரத் தொடங்குகிறது. முதலாம் தந்தியும் ஐந்தாம் மெட்டில் அழுத்திய இரண்டாம் தந்தியும் ஒரே ஈ சுரம். அதனால்தான் துள்ளல்.

ஹார்ப் கிற்றாரை முதல் முறை காணொளியில் பார்ப்பவர்களை நிறுத்தி வைப்பது அதன் தோற்றம். கிற்றாரின் தோளிலிருந்து இன்னொரு கை யானைத் துதிக்கை போல வளைந்து மேலே போகிறது. அதன் நுனியிலிருந்து தடித்த தந்திகள், முகப்பலகையில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு இறங்குகின்றன. ஆனால் கருவியைக் கேட்டுப் பழகியவர்களைத் திரும்பத் திரும்ப இழுப்பது தோற்றம் அல்ல, அந்தக் கடதாசித் துள்ளல்தான். ஆறு தந்தியில் ஒரு பாட்டை வாசிக்கும்போது தொடாத பாஸ் தந்திகள் எல்லாம் மெல்ல விழித்துக்கொள்கின்றன. 49 ஹேட்ஸில் ஒலிக்கும் தாழ் ஜி தந்திக்குள் 98, 147, 196, 245 என்று அடுக்கடுக்காக மேற்சுரங்கள் உண்டு. மேலே நீங்கள் வாசிக்கும் ஜி, டி, பி எதுவானாலும் அந்த அடுக்கில் எங்கோ ஓரிடத்தில் போய்த் தட்டும். கோயில் மண்டபத்தில் பாடினால் குரலுக்குக் கிடைக்கிற சுற்றொலி, கருவியின் வயிற்றுக்குள்ளேயே உண்டாகிறது.

மெட்டில் அழுத்திய தந்திக்கு இது முடியாது. விரல் எடுபட்டவுடன் ஒலி செத்துவிடும். திறந்த நரம்பு, யாராவது நிறுத்தும் வரை அல்லது தானாக ஓயும் வரை பாடிக்கொண்டே இருக்கும். ஒரு நரம்பு, ஒரு சுரம் என்று விட்டுவிடுவதில் இருக்கும் அழகு இது. அதற்கு விலையும் உண்டு.

இந்த ‘ஒரு நரம்பு, ஒரு சுரம்’ என்ற தத்துவத்தில் எழுந்த கருவிதான் யாழ். அதை உலகுக்குத் திரும்ப விளக்கியவர் நம் கிழக்கிலங்கைக் கரையைச் சேர்ந்தவர். 1892-இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். தமிழ்ப் பேராசிரியராக மட்டும் அவரை நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ் நூலில் பாட்டும் உரையும் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவுக்குக் கணக்கும் இருக்கிறது.

மரபில் சொல்லும் நரம்புத் தொகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். செங்கோட்டியாழுக்கு 7, சகோடயாழுக்கு 14, பேரியாழுக்கு 21. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரம் ஏழு. அப்படியானால் இவை ஒரு ஸ்தாயி, இரண்டு ஸ்தாயி, மூன்று ஸ்தாயி அளவான எண்கள். ஏழு நரம்பு போதாமல் ஏன் பதினாலு வேண்டியிருந்தது என்பதற்கு விடை பாலைத் திரிபில், அதாவது தொடங்கும் சுரத்தை மாற்றிப் புதுப் பண் பெறுவதில், கிடைக்கிறது. அரிகாம்போதியாகச் சுருதி சேர்த்த நரம்புகளில், நரம்பை முறுக்கும் பிரடையைத் தொடாமல், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். மத்திமத்தைச் சட்சமாக்கினால் சங்கராபரணம். பஞ்சமத்திலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா. நிஷாதத்திலிருந்து மேசகல்யாணி. ஏழே நரம்பு இருந்தால் நிஷாதத்தில் தொடங்குகிறவருக்கு மேலே ஏற நரம்பு இராது. பதினாலு இருந்தால் எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் ஒரு முழு ஸ்தாயி கைக்குள் இருக்கும். சுரத்தை நகர்த்தாமல் குரலை (சட்சத்தை) நகர்த்துவது என்ற இந்தச் சிந்தனை, திறந்த நரம்புகளை வரிசையாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இயல்பாக வந்திருக்கும். மெட்டுக் கருவிக்காரருக்கு அது சுற்றுவழி.

மேற்கு ஆபிரிக்காவின் கோராவுக்கும் நரம்பு 21. பெரிய சுரைக்குடுவையை இரண்டாகப் பிளந்து, பாதிக்கு மாட்டுத்தோல் போர்த்தி, இடக்கைக்கு 11, வலக்கைக்கு 10 என்று நரம்பு பிரித்திருப்பார்கள். பழைய காலத்தில் தோலைத் திரித்துச் செய்த நரம்பு, இப்போது மீன்பிடிக்கும் நைலோன். பேரியாழோடு எண் ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாட வேண்டியதில்லை. ஏழு சுரமும் மூன்று ஸ்தாயியும் எங்கு சேர்ந்தாலும் 21 வரும். உருவத்தில் யாழுக்கு நெருங்கிய சொந்தம் மியன்மாரின் சௌங். வில் போல வளைந்த கோடு (நரம்பு கட்டும் கொம்பு), தோல் போர்த்த படகு வயிறு, 16 நரம்பு. இன்றும் வாசிக்கப்படுகிறது. பொருநராற்றுப்படை, யாழின் வயிறான பத்தருக்கு மான்குளம்பு பதிந்த தடத்தையும், ஓங்கிய கோட்டுக்குப் பாம்பு தலையெடுத்ததையும், துளையை அடைத்த ஆணிகளுக்கு வளையில் இருக்கும் நண்டின் கண்ணையும் உவமை சொல்கிறது. வாவிக்கரையில் நண்டு வளைக்குள்ளிருந்து எட்டிப்பார்ப்பதைக் கண்டவர்களுக்கு அந்த ஆணி எவ்வளவு வெளியே நீட்டியிருந்தது என்பதுகூட விளங்கும்.

இவ்வளவு அழகான கருவி ஏன் வழக்கொழிந்தது? அரசர் போனார், பாணர் போனார் என்ற சமூகக் காரணங்களை விட்டுவிட்டு மரத்தை மட்டும் பார்ப்போம். வில் வடிவத்தில் முன்தூண் கிடையாது. ஒரு நரம்பை முறுக்கினால் கோடு ஒரு மயிரிழை உள்ளே வளைகிறது. உடனே மற்ற எல்லா நரம்பும் தளர்ந்து சுருதி இறங்குகிறது. அவற்றைச் சரிசெய்தால் முதலாவது இறங்குகிறது. ஆகவே இழுவையைக் குறைவாகத்தான் வைக்க முடியும். இழுவை குறைந்தால் சத்தமும் குறைவு. இதற்கு மேல் கமகம். நரம்பை இழுத்துச் சுரத்தை அசைக்க வீணைக்கு மெட்டு இருக்கிறது, யாழுக்கு இல்லை. ராகம் கமகத்தில் வாழத் தொடங்கிய பிறகு, ஏழு தந்தியில் மூன்று ஸ்தாயியும் அசைவும் தரும் வீணை வென்றது இயற்கை. அந்த வீணைகூடத் திறந்த நரம்பை முழுதாகக் கைவிடவில்லை. ஏழில் மூன்று தாளத் தந்திகள், மெட்டில் படாதவை. சிதாரின் அடியில் ஓடும் தரப் தந்திகளும், சாரங்கியின் முப்பதுக்கு மேற்பட்ட பரிவுத் தந்திகளும் அதே ஆசையின் மிச்சம்.

ஐரோப்பாவிலும் இதே ஆசைதான். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் தியோர்போ வந்தது. லூட்டின் கழுத்துக்கு மேலே இன்னொரு நீண்ட கழுத்து, அதில் மெட்டில் படாத பாஸ் நரம்புகள். 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாக்காரர்கள் கிற்றாருக்கே அதைச் செய்தார்கள். அவர்களின் கொன்ட்ரா கிற்றாரில் வழமையான ஆறோடு ஒன்பது பாஸ். இரண்டு வயலினுக்குப் பக்கத்தில் இருந்து தாளமும் அடிச்சுரமும் கொடுக்கிற வேலை அதற்கு. பிறகு அமெரிக்கா. நோர்வேயிலிருந்து குடியேறிய கிறிஸ் கினுட்சன் 1898-இல் பதிவுசெய்த வடிவத்தில் அந்த இரண்டாவது கை உள்ளே வெறுமையானது, உடலின் காற்றறையோடு தொடர்ந்தது. சிக்காகோவின் லார்சன் சகோதரர்கள் அந்த வழியில் ‘டையர்’ என்ற பெயருக்குச் செய்துகொடுத்த கருவிகளைத்தான் இன்றைய செய்வினைஞர்கள் அளவெடுத்து நகல் செய்கிறார்கள். கிப்சன் நிறுவனம் வேறு பாதையில் போய்ப் பத்து பாஸ் தந்தியோடு ‘ஸ்டைல் யூ’ என்ற பெருங்கருவியை விற்றது. 1980-களில் அமெரிக்கக் கிற்றார் கலைஞர் மைக்கேல் ஹெட்ஜஸ் ஒரு பழைய டையரை மேடைக்குக் கொண்டுவந்த பிறகே இளம் வாசிப்பவர்கள் மறுபடி தேடத் தொடங்கினார்கள். அதே காலத்தில், 1984-இல், கனடாவின் கருவி செய்யும் லிண்டா மான்சர், ஜாஸ் கிற்றார் கலைஞர் பாட் மெத்தினிக்காக 42 தந்தியுள்ள பிகாசோ கிற்றாரைக் கட்டினார். ஏறக்குறைய 1,000 மணித்தியால வேலை. கருவியின் நிறை 6.7 கிலோ. அதன் மேல் இருக்கும் மொத்த இழுவை ஏறத்தாழ 450 கிலோ.

இனி, திறந்த நரம்புக்குக் கொடுக்க வேண்டிய அந்த விலைக்கு வருவோம். தந்தியின் இழுவை, அதன் ஒரு மீற்றர் நிறையோடு நேராகவும், நீளம், மீடிறன் இரண்டினதும் வர்க்கத்தோடும் கூடுகிறது. சூத்திரமாகச் சொன்னால் இரண்டு மடங்கு நீளத்தை மீடிறனால் பெருக்கி, வர்க்கமாக்கி, மீற்றர் நிறையால் பெருக்குவது. ஒரே தந்தியை ஒரு ஸ்தாயி இறக்கினால் இழுவை நாலிலொன்றாகிறது. தந்தி தொளதொளத்து மெட்டில் அடிக்கும். இழுவையைக் காப்பாற்ற ஒன்றில் தந்தியை நாலு மடங்கு கனமாக்க வேண்டும், அல்லது நீளமாக்க வேண்டும். நாலு மடங்கு கனமான தந்தி வளையாது. வளையாத தந்தியின் மேற்சுரங்கள் சுருதி பிசகி, கம்பியைத் தகரத்தில் தட்டியது போல ஒலிக்கும். அதனால்தான் அந்தத் துதிக்கை. அலங்காரத்துக்காக வைத்ததல்ல அது. 65 செ.மீ. தந்தியை 85 செ.மீ. ஆக்க வேறு வழி இல்லை. 85 செ.மீ. நீளத்தில் 49 ஹேட்ஸ் ஜி-க்கு, 1.8 மி.மீ. அளவுள்ள வெண்கலம் சுற்றிய தந்தி போட்டால் இழுவை 11 முதல் 13 கிலோ வரும். நல்ல கணக்கு.

அப்படி ஐந்து தந்தி என்றால் 60 கிலோ. சாதாரண இரும்புத் தந்திக் கிற்றாரின் ஆறு தந்திக்கும் சேர்த்து ஏற்கெனவே 70 கிலோ இழுவை முகப்பலகையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 130. இங்கேதான் ஆசைப்பட்டவர்கள் கருவியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பழைய கிற்றாரின் பக்கத்தில் ஒரு பலகையைத் திருகாணியால் பூட்டி, பாஸ் தந்திகளை அதே குதிரையில் கட்டினால், முதல் வாரம் இனிமையாகத்தான் இருக்கும். மூன்றாம் நாலாம் வாரம் குதிரைக்குப் பின்னால் பலகை வயிறு போடும், முன்னால் குழி விழும். மெட்டுக்கு மேலே தந்தி உயர்ந்து, அழுத்த விரல் நோகும். கடைசியில் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மத்தியானம் இருந்தால் பசை இளகிக் குதிரை ஒரு வெடிச்சத்தத்தோடு கழன்று வரும். உண்மையான ஹார்ப் கிற்றாருக்குள் இந்தச் சுமைக்கென்றே குறுக்குச் சட்டங்கள் வேறு ஒழுங்கில் ஒட்டப்பட்டிருக்கும், குதிரைக்கு அடியில் அகலமான பட்டிகை இருக்கும். வெளியிலிருந்து பார்த்துச் செய்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையின் காற்று இன்னொரு எதிரி. கிற்றார்கள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதனை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. மாரியில் இங்கே 80-ஐத் தாண்டுவது புதினமில்லை. மரம் நாருக்குக் குறுக்கே வீங்கும். முகப்பலகை மேலெழும். தந்தியின் உயரம் கூடும். பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாம் எதிர்ப்பக்கம் போகும்: பலகை சுருங்கி, தந்தி மெட்டில் உரசிச் சிணுங்கும். வெடிப்பு விழுவதும் இந்தக் காலத்தில்தான். கடலுக்குக் கிட்ட இருப்பவர்களின் இரும்புத் தந்தி இரண்டு மூன்று வாரத்தில் கறுக்கும். வெண்கலச் சுற்றுக்குள் உப்பும் வியர்வையும் ஏறினால் பாஸ் தந்தியின் நீண்ட ஒலி முதலில் போகும். அது போனால் ஹார்ப் கிற்றார் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு தந்தியையும் காய்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் பிடித்துத் துடைப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து மாதம் ஒருமுறை அவற்றைச் சூடாக்கிக் காயவைப்பது, மாரியில் சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் பூட்டி வைப்பது: இவ்வளவும் தவறாமல் செய்ய முடியாதவர்கள் நைலோன் தந்திக் கருவியை எடுப்பது நல்லது.

நைலோன் என்றதும் நம் கரைக்கு ஒரு வசதி இருக்கிறது. கோராக்காரர்கள் தேடி வாங்குகிற பொருள், தங்கூசி என்ற பெயரில் மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. திறந்த நரம்பின் சுவையை அறிய விரும்புகிறவர்கள் பெரிய விலைக்குப் போகுமுன் ஏழு நரம்புச் சிறுயாழ் ஒன்றைச் செய்து பார்க்கலாம். அரிகாம்போதி வரிசையில், நடு ஸ்தாயி சி-யிலிருந்து நரம்பின் நீளங்கள் இப்படி: சி 52 செ.மீ., டி 47.5, ஈ 43.5. இந்த மூன்றுக்கும் 0.8 மி.மீ. தங்கூசி. எஃப் 41, ஜி 37.5, ஏ 34, பி பிளாட் 31.5. இந்த நாலுக்கும் 0.7 மி.மீ. ஒவ்வொன்றிலும் 3.7 முதல் 4.8 கிலோ வரை இழுவை, மொத்தம் சுமார் 29 கிலோ. சுற்றின் உறையில் அறுபடும் நிறையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நமக்கு உதவாது, விட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

வளைந்த கோட்டைப் பலகையிலிருந்து வெட்டி எடுக்கக்கூடாது. வளைவில் எங்கோ ஓரிடத்தில் நார் குறுக்கே ஓடும், இழுவை ஏறினால் அந்த இடத்தில் முறியும். இயற்கையாகவே வளைந்த புளியங்கொம்பு கிடைத்தால் அதைவிட மேலானது இல்லை. மியன்மாரில் வளைந்த வேரைத் தேடி எடுப்பது இதற்காகத்தான். கொம்பு கிடைக்காவிட்டால் 4 மி.மீ. தடிப்பான முதிரைச் சிராய்கள் ஐந்தை அச்சில் வளைத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டலாம். பத்தருக்குப் பலாக்கட்டையைக் குடைவது மரபான வேலை. சுரைக்குடுவையின் பாதியும் போதும், ஆனால் விளிம்பு 6 மி.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும். போர்வைக்கு ஆட்டுத்தோல். கூத்து மத்தளத்துக்கும் உடுக்குக்கும் தோல் கட்டுகிறவர்களிடம் கேட்டால் பதமான தோல் எது என்று அவர்களே எடுத்துத் தருவார்கள். நாலைந்து மணித்தியாலம் ஊறவைத்து, இழுத்து அறைந்து, நிழலில் மூன்று நாள் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் ஆணித்துளையிலிருந்து கிழியும். தோலுக்கு அடியில், கருவியின் நீளத்துக்கு ஓடும் ஒரு மெல்லிய சட்டத்தில்தான் நரம்புகளைக் கட்டுவது. தோலில் நேராகக் கட்டினால் தோல் நீளும், சுருதி நிற்காது.

மரப் பிரடை அழகு. ஆனால் மாரியில் இறுகும், கச்சானில் வழுக்கும். சுண்ணக்கட்டியும் சவர்க்காரமும் பூசிக் கொஞ்சம் சமாளிக்கலாம். முதல் கருவிக்குக் கிற்றாரின் முறுக்காணியே போதும். ஆறு ஆணிதான் ஒரு தொகுதி என்பதால் இரண்டு வாங்க நேரும். புது நைலோன் மூன்று நாலு நாளுக்கு நீண்டுகொண்டே இருக்கும். அந்த நாட்களில் சுருதி இறங்குவதைப் பார்த்துக் கருவி பிழை என்று எண்ணிக் கழற்றிவிடாதீர்கள்.

முடிந்த கருவியின் வயிற்றில் காதை ஒட்டி, பக்கத்தில் இருப்பவரை ஒரு நரம்பை மட்டும் மீட்டச் சொல்லுங்கள். கல்லடி வாவியில் தோணித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடுமீனைக் கேட்பதும் இதே வழிதான். காற்றில் கரைந்துபோகிற மெல்லிய அதிர்வை மரம் சிதறாமல் எலும்புக்குக் கொண்டுவருகிறது. மற்ற ஆறு நரம்பும் விழித்துக்கொள்வது அப்போது தெளிவாகக் கேட்கும்.

சுருதி சேர்ப்பதில் ஹார்ப் கிற்றாருக்கும் சிறுயாழுக்கும் விதி ஒன்றுதான்: தடித்த நரம்பிலிருந்து தொடங்கி மெல்லியதில் முடித்து, பிறகு முழு வரிசையையும் இன்னொரு முறை. பெரிய இழுவையை முதலில் ஏற்றினால் மரம் வளைய வேண்டிய அளவு வளைந்துவிடும். இரண்டாம் சுற்றில் திருத்தம் சிறிதாக இருக்கும். டையர் வகையில் ஆறாம் தந்திக்கு அடுத்து டி, சி, பி, ஏ, ஜி என்று வெளியே போகும்.

வாசிப்பில் எல்லாரும் இடறும் இடம், ஒலியை எழுப்புவதல்ல, நிறுத்துவது. ஜி பாஸை மீட்டிவிட்டு சி கோர்டுக்கு (சுரக்கூட்டுக்கு) போனால் பழைய ஜி இன்னும் பாடிக்கொண்டிருக்கும். அதன்மேல் தாழ் சி விழும். இரண்டு சுரமும் சேர்ந்து கலங்கிய வாவித் தண்ணீர் மாதிரி ஆகும். கிற்றாரில் பழகிய கைக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது, ஏனென்றால் அங்கே இடக்கை விரல் எடுபடும்போது ஒலி தானாக நிற்கிறது. இங்கே வலக்கைப் பெருவிரல் இரண்டு வேலை செய்ய வேண்டும். நுனியால் சி-யை மீட்டிய மறுகணமே அதே விரலின் பக்கத்தசை ஜி-யில் போய்ச் சாய வேண்டும். முன்னதாகச் சாய்ந்தால் இடையில் வெற்றிடம் கேட்கும், பிந்தினால் கலங்கல். இந்த ஒரு அசைவை மட்டும், ஆறு தந்தியைத் தொடாமல், நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் ஜி-யிலிருந்து சி, சி-யிலிருந்து டி, டி-யிலிருந்து ஜி என்று தினமும் பத்து நிமிடம் பழக வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு மேல் தந்திகளைச் சேர்க்கலாம்.